மிதவை நகர்ந்துகொண்டுதான் இருந்தது

சுரங்கம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் அந்த ஈயக் குட்டையை மூடிவிடச் சொல்லி நான் மனுக் கொடுத்திருப்பதாக உன் அத்தை சுபாங் ஜெயாவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் வாயிலிருந்து புறப்பட்ட செய்தி செராஸுக்குப் போய், கிள்ளானுக்குப் போய், கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்குமாடியின் லிப்ட்டுக்குள்ளேயே என்னைச் சந்தித்தது. "அண்ணிக்கு மண்டை கொஞ்சம் கலங்கிப்போச்சுலா. தண்ணியப் பாத்தாலே பயம். ரவாங் பக்கம் போயி கரையில உக்காந்துக்கிட்டு அழுவுறாங்களாம்" என்றாளாம். இதைத் திருத்தாமல் விட முடியாது. நான் கரைக்குப் போனது உண்மை. உட்காரவில்லை, அங்கே உட்காரும்படியாகச் சுத்தமான இடம் ஏதும் இல்லை. அழவும் இல்லை. தண்ணீரைக் கண்டு எனக்குப் பயம் கிடையாது. குட்டையை மூடச் சொல்லி நான் யாருக்கும் எழுதவில்லை. ஈட்டியோடு அதற்குள் இறங்குகிறவர்களுக்கு விதிகள் வேண்டும் என்றுதான் எழுதினேன். ஓர் இடத்தை மூடுவது வேறு, ஒழுங்குபடுத்துவது வேறு. கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து வளர்ந்த எனக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகாது.

தம்பி, உனக்கு எழுதுவதைப் பிறகு எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ கூச்சிங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போன பிறகு நான் தனியாக எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் இல்லை. "நல்லா இருக்கேன்மா" என்று கைப்பேசியில் ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். அதோடு, நான் சொல்லப்போவது உனக்கு மட்டும் உரியதும் அல்ல. பழைய ஈயக் குட்டைகளில் மூச்சை அடக்கி மூழ்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் சுடப் போகும் பிள்ளைகள் இப்போதும் இருக்கிறார்கள். சரவணன் எப்படிப் போனான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். உன்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஏர்கான் கழுவும் வேனை ஓட்டிக்கொண்டு கிள்ளானிலிருந்து வந்து என் அடுப்பில் இருக்கும் சட்டியைத் திறந்து பார்த்தவன், உன் கண்ணெதிரே அந்தத் தண்ணீரில் செத்துப்போனான். கண்ணெதிரே என்று எழுதிவிட்டேன். அது சரிதானா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அன்று காலை நான் உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்தாய். நாம் பேசினோம். நாம் பேசிக்கொண்டிருந்தபோது சரவணன் தண்ணீருக்கு மேலே இருந்தானா, அடியில் இருந்தானா? இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் முதன்முதலில் அந்த மீனைக் கொண்டுவந்தது உனக்கு நினைவிருக்கும். தோமான் என்று இங்கே எல்லாரும் சொல்லும் பெரிய விரால். வாளிக்குள் அடங்காமல் வளைந்து கிடந்தது. விலாவில் ஓட்டை இருந்தது. "தூண்டில்ல பிடிச்சா வாயிலதானே காயம் இருக்கணும்?" என்று கேட்டேன். நீ சரவணனைப் பார்த்தாய். இப்படிப்பட்ட கேள்விகளை அவன் பக்கம் தள்ளிவிடுவது உன் பழக்கம்.

"சுட்டது ஆன்டி. தண்ணிக்குள்ள போயி, மூச்சப் புடிச்சிக்கிட்டு, நேருக்கு நேர். நியாயமான சண்டை."

"மீன் கையில துப்பாக்கி இருந்துச்சா?"

"ஐயோ, ஆன்டிகிட்ட பேசி ஜெயிக்க முடியாதுலா."

"அனுமதி இருக்கா இதுக்கு? அங்க போர்டு ஏதும் இல்லையா?"

"இருக்கு ஆன்டி. ஆபத்து, குளிக்கக் கூடாது, நீந்தக் கூடாதுன்னு மலாயில பெருசா போட்டிருக்கு. நாங்க குளிக்கவும் இல்ல, நீந்தவும் இல்ல. முங்குறோம்."

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டா."

"நான் வக்கீலாப் போயிட்டா உங்க வீட்டு ஏர்கான யாரு ஓசியில கழுவுறது?"

நான் சிரித்துவிட்டேன். அந்த மீனைப் புளி கரைத்து, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். சட்டம் பற்றி அதற்குமேல் கேட்கவில்லை. மீன் நன்றாக இருந்தது. உண்மையை ஏன் மறைக்க வேண்டும்?

சாப்பிட்டு முடித்ததும் சரவணன் உப்புக் குப்பியையும் கரண்டியையும் மேசையில் வைத்து முறையை எனக்கு விளக்கினான். போவது இருவர், துப்பாக்கி ஒன்று. ஒருவன் மூழ்கும்போது மற்றவன் மேலே மிதக்க வேண்டும். கண்ணாடி போட்ட முகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, குழாய் வழியாக மூச்சு விட்டபடி, கீழே போனவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் மேலே வந்து, நன்றாக மூச்சு வாங்கி, சரி என்று கை காட்டுகிறவரை கண்ணை எடுக்கக் கூடாது. மூச்சடக்கி மூழ்குகிறவனுக்கு மயக்கம் வந்தால் சத்தம் இருக்காதாம். கத்த மாட்டான், கை காலை உதற மாட்டான். தூக்கம் வந்த குழந்தை மாதிரி மெல்ல இறங்கிவிடுவான். இதைச் சொல்லிக்கொண்டே உப்புக் குப்பியை மேசை விளிம்புவரை நகர்த்திக்கொண்டு போனான். "அதனாலதான் ஆன்டி, உங்க மகன் மொகம் தண்ணியில இருக்கறவரைக்கும் என் உசுருக்கு காரண்டி" என்றான். அந்த வாக்கியத்தை நான் அன்று கவனிக்கவில்லை. குப்பி கீழே விழுந்துவிடப் போகிறதே என்றுதான் பார்த்தேன்.

மிதவையைப் பற்றியும் சொன்னான். ஈட்டியில் நீண்ட கயிறு கட்டியிருக்கும். கயிற்றின் மறுமுனையில் ஆரஞ்சு நிற மிதவை. அடிபட்ட மீன் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினாலும் மிதவை காட்டிக்கொடுக்கும். முறைப்படி ஆளுக்கொரு மிதவை வேண்டும். ஆனால் அந்தக் குட்டையில் பாசிக்கொடி அடர்ந்து கிடப்பதால் இரண்டு கயிறுகள் பின்னிக்கொள்ளும் என்று, இருவருக்கும் சேர்த்து ஒரே மிதவை வைத்துக்கொண்டீர்கள். அங்கே போகிற எல்லாருமே அப்படித்தானாம். எல்லாரும் செய்கிறார்கள் என்பதை ஒரு காரணமாக நீ சின்ன வயதில் சொன்னபோதெல்லாம் நான் ஏற்றுக்கொண்டதில்லை. அன்று மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

உன் அப்பா குளியலறையில் விழுந்த அன்று நீயும் சரவணனும் லூமூட் பக்கம் கடலில் இருந்தீர்கள். நான் உன்னை அழைத்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கீழ்வீட்டுச் சீனர் வந்து அவரைத் தூக்கினார். மருத்துவமனையில் அவர் உன் பெயரைத்தான் கேட்டார். நீ கரைக்கு வந்து போனைப் பார்த்து, காரை விரட்டிக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னிலையில் உன்னிடம் நான் சொன்னது இதுதான்: "இனிமே நான் கூப்பிட்டா நீ எடுக்கணும். எங்க இருந்தாலும் சரி." நீ தலையை ஆட்டினாய். சில நாட்களில், கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி தண்ணீர் புகாத ஓர் உறைக்குள் உன் போன் வந்து உட்கார்ந்தது. தண்ணீரில் மிதக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கோவிலில் சொல்லிக்கொண்டேன். "பிரதமர் போன் பண்ணாக்கூட எடுக்க மாட்டான் ஆன்டி. நீங்க பண்ணா மீனக்கூட இருன்னு சொல்லிட்டு எடுப்பான்" என்று சரவணன் கிண்டல் செய்தான். அந்தக் கிண்டலும் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது பார்க்கிறேன். தண்ணீரில் ஒரு விதி இருந்தது: முகத்தை எடுக்காதே. வீட்டில் ஒரு விதி இருந்தது: அம்மா கூப்பிட்டால் எடு. நீ எந்த விதியையும் மீறும் பிள்ளையாக வளரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எதை மீறுவது என்று நான் உனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை கோவிலுக்குப் போய்வந்து, காப்பி போட்டு வைத்துக்கொண்டு உனக்குப் போன் செய்வது என் வழக்கம். அன்றும் செய்தேன். "சொல்லுங்கமா" என்றாய். லிப்ட் மறுபடி கெட்டுப்போனதைச் சொன்னேன். அடுத்த வாரம் ஆள் வரும் என்று நிர்வாகத்தில் சொன்னதையும், அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும், எதிர்வீட்டுக்காரர் நடைபாதையில் செருப்பு அடுக்குவதையும் சொன்னேன். கிள்ளானில் பழுதுக்குக் கொடுத்த என் மூக்குக் கண்ணாடியை வாங்கி வரச் சொன்னேன். நீ "ம்... சரிமா... ம்" என்றாய். உன் குரலுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. "எங்க இருக்க?" என்றேன். "குட்டையிலதான்மா." "சரவணன்?" "வந்திருக்கான்." நான் மறுபடி லிப்ட்டுக்குப் போனேன். படி ஏறினால் முழங்கால் என்ன பாடுபடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, "மா, இருங்க" என்றாய். போன் துண்டிக்கப்பட்டது. எனக்குக் கோபம் வந்தது. திரும்ப அழைத்தேன், நீ எடுக்கவில்லை. உன்னைத் திட்டுவதற்கு வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, காப்பியைக் குடித்தேன். அந்த வார்த்தைகள் இன்னும் எனக்கு மனப்பாடம்.

நான் கரைக்குப் போனது பாலாவைப் பார்க்க. தூண்டில்காரர்களுக்குத் தண்ணீரும் மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸும் விற்கிறவர். அன்று உங்களைத் தவிர அங்கே இருந்தவர் அவர் ஒருவர்தான். பேச்சுக்காரர். ஆனால் என்னைக் கண்டதும் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த மேசையையே துடைத்தார்.

"மிதவை நல்லா போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு ஆன்டி. அந்தாண்டக் கரை வரைக்கும் போச்சு. பையன் பெருசா ஒன்ன அடிச்சிட்டான், மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான்னு நினைச்சேன். மீன் வைக்கிறதுக்கு ஐஸ் பொட்டியக்கூட வெளிய எடுத்து வச்சேன்."

"என் மகன் எங்க இருந்தான்?"

"தண்ணியிலதான். தலையத் தூக்கி மிதவையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. வாய் அசைஞ்சிக்கிட்டே இருந்துச்சு. பாட்டு பாடறாரோன்னு நினைச்சேன்."

"இதப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலயே ஆன்டி. பாட்டு பாடறது குத்தமா?"

சரவணன் சுட்ட மீன் பெரியதுதான். ஈட்டியோடு, கயிற்றோடு, மிதவையோடு அது குட்டையின் மறுகரைக்கு ஓடியிருக்கிறது. கயிற்றின் அந்த முனையில் சரவணன் இருக்கிறான் என்று கரையில் இருந்த பாலா நினைத்தார். நீயும் அப்படித்தான் நினைத்தாய். தீயணைப்புப் பிரிவிலிருந்து வந்த பொம்பா வீரர்கள் அவனை எடுத்த இடம் மிதவை போன திசையில் இல்லை. நீ மிதந்துகொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே, கொடிகளுக்குள், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய, ஈயக் கட்டிகள் கோத்த பட்டையோடு கிடந்தான். "மிதவையப் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று நீ போலீஸில் சொன்னாய். அது பொய்யில்லை. போனைப் பற்றி நீ சொல்லவில்லை. யாருக்காகச் சொல்லவில்லை என்பதை உன் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உன் அத்தை நினைப்பது போல எனக்குப் பேயோ ஆவியோ தெரிவதில்லை. எனக்கு நடப்பது வேறு. நகர்கிற எதையும் என்னால் நம்ப முடியவில்லை. சன்னலுக்கு வெளியே மோனோரயில் போகிறது. உள்ளே யாரும் இல்லாமலே போகிறதோ என்று எழுந்து நின்று பார்க்கிறேன். கொடியில் போட்ட உன் அப்பாவின் பழைய துண்டு ஆடினால் கையால் பிடித்து நிறுத்துகிறேன். லிப்ட் சரியாகிவிட்டது. எண்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்; கதவு திறந்து உள்ளே ஆள் இருந்தால்தான் மூச்சு வருகிறது. சரவணன் கடைசியாகக் கழுவிக்கொடுத்த ஏர்கானை நான் போடுவதில்லை. போட்டால், யாரோ குழாய் வழியாக மூச்சு விடுவது போல் ஒரு சத்தம். முன்பு அந்தச் சத்தம் இருந்ததா என்று யாரிடம் கேட்பது? கழுவியவனிடம்தான் கேட்க வேண்டும்.

வெறுமனே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது என் சுபாவம் இல்லை. மாவட்ட மீன்வள அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஓர் இளம் மலாய்ப் பெண் அதிகாரி. நன்னீரில் ஈட்டித் துப்பாக்கி பயன்படுத்துவதற்கு என்ன விதி என்று கேட்டேன். அவள் என் சேலையையும் குடையையும் பார்த்தாள். "ஆன்டியா மீன் சுடப் போறது?" என்று மலாயில் கேட்டாள். "ஆமாம், நல்ல கடை இருந்தால் சொல்" என்றேன். சிரித்தாள். காரணத்தைச் சொன்னதும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் சொன்னதை இந்தப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். அவர்கள் தங்கள் மாவட்டத்தில் மறுபடி கேட்டு உறுதி செய்துகொள்ளட்டும். ஆறும் ஏரியும் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. சிலாங்கூரில் செல்லுவது பேராக்கில் செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெடி, விஷம், மின்சாரம் வைத்து மீன் பிடிப்பது குற்றம். தூண்டிலைத் தவிர வேறு கருவியோடு போகிறவன் உரிமம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். விசை வைத்த துப்பாக்கி என்றால் போலீஸிலும் கேட்பது நல்லது. சில நீர்ப்பகுதிகளில் மீன்களைப் பெருகவிடுவதற்காக யாரும் கை வைக்கக் கூடாது. பழைய ஈயக் குட்டை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய நிலம். நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் இறங்கினால் அதுவே தவறு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கீழே போனவனை மேலே இருப்பவன் எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஏதாவது விதி இருக்கிறதா?" என்றேன். "இந்த விதிகள் எல்லாம் மீனுக்காக ஆன்டி" என்றாள்.

அதனால்தான் மனிதனுக்கான விதிகளை நான் எழுத உட்கார்ந்தேன். நிலத்துக்காரர், பக்கத்துக் குடியிருப்பின் சங்கத்தார், மீன் பிடிக்க வருகிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவர்களுக்கு அனுப்பினேன். தனியாக இறங்காதே. ஆளுக்கொரு மிதவை, அதில் அவன் பெயர். கயிறு சிக்கும் அளவுக்குக் கொடி அடர்ந்திருந்தால், அங்கே இறங்கவே இறங்காதே. மிதவை நகர்வதை ஆள் உயிரோடிருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதே. தண்ணீருக்கு வெளியே துப்பாக்கியை ஏற்றி வைக்காதே. கலங்கலில் தெரியாத எதையும் சுடாதே. இடுப்புப் பட்டை ஒரு கையால் இழுத்தால் கழன்று விழ வேண்டும். மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறமாக இருக்கும் நாளில் வீட்டில் இரு.

தோமான் பற்றியும் ஒன்று எழுதினேன். பாலா காட்டித்தான் எனக்குத் தெரியும். கரையோரம் தண்ணீரில் சிவப்பாக ஏதோ கொதிப்பது போல் இருந்தது. எல்லாம் குஞ்சுகள், சிவந்த நூல்துண்டுகள் போல, ஒரே பந்தாகச் சேர்ந்து மேலே வருவதும் இறங்குவதுமாக. கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்குமாம். அந்த நேரத்தில் அவை இடத்தை விட்டு ஓடாது. அதனால் சுடுவதற்கு எளிது. அவற்றைச் சுட்டுவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். "நல்ல தூண்டில்காரன் அதத் தொட மாட்டான் ஆன்டி" என்றார் பாலா. சரவணன் அன்று சுட்டது காவல் நின்ற மீனா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். எனக்குத் தாங்கக்கூடிய அளவு எது என்று நான் அறிவேன்.

கடைசி விதி, மேலே மிதப்பவனைப் பற்றியது. அவன் முகம் தண்ணீரை விட்டு எழக் கூடாது. போன் காரில் இருக்க வேண்டும். இதை அனுப்பிய பிறகு, அங்கே வழக்கமாக மூழ்கும் பையன்களில் சிலர் என்னைப் பார்க்கப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கே வந்தார்கள். நல்ல பிள்ளைகள், செருப்பை ஒழுங்காக வெளியே விட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரி சொன்னவர்கள் இதில் மட்டும் நின்றார்கள்.

"போன் வேணும்லா ஆன்டி. எமர்ஜென்சின்னா எப்படிக் கூப்பிடுறது?"

"கரையில ஒரு ஆள் கையில இருக்கட்டும். தண்ணியில வேணாம்."

"தண்ணியில போன வச்சிக்கிட்டு யாரு பேசப்போறா? இப்படி ஒரு ரூல் எதுக்கு? யாராவது அப்படிப் பேசுனாங்களா?"

நான் காப்பி கொண்டுவருகிறேன் என்று எழுந்துவிட்டேன். அடுக்களையில் நின்றுகொண்டு, பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி கூட்டத்திலும் வரும். அங்கே காப்பி போட அடுக்களை இருக்காது.

கூட்டத்துக்குச் சரவணனின் அம்மா பார்வதியும் வருகிறாள். சரவணனுக்கு அவள் மட்டும்தான். அவளுக்கும் அவன் மட்டும்தான். கருமாதி முடிந்த பிறகு அவள் கிள்ளானிலிருந்து ரயிலேறி என்னைப் பார்க்க வருவது வழக்கமாகிவிட்டது. வரும்போது கையில் ஏதாவது கொண்டுவருவாள். போன முறை கொல்லையில் காய்த்த முருங்கை. என் அளவுக்குப் படித்தவள் இல்லை, என் அளவுக்குப் பேசுகிறவளும் இல்லை. முருங்கையை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, ஒன்னு கேக்கணும்" என்றாள்.

"எம்புள்ள கடைசியில தனியா இருந்தானாக்கா?"

"என் மகன் பக்கத்துலதான் இருந்தான்."

"அது தெரியும். பாத்துக்கிட்டு இருந்தாருல்ல? பாத்துக்கிட்டேதான் இருந்தாருன்னு போலீஸ்ல சொன்னாங்க. எனக்கு அது ஒன்னுதான்கா. கண்ணு அவன் மேல இருந்துச்சுன்னா அவன் தனியாப் போகல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முருங்கை பிஞ்சா இருக்கு, சாம்பார் வைக்கலாம்" என்றேன். அவள் முருங்கையை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாளா என்று தெரியவில்லை. சாம்பாரை இருவரும் சாப்பிட்டோம்.

தம்பி, என்னிடம் இரண்டு கதைகள் இருக்கின்றன. முதலாவதில், நான் அழைத்தபோது சரவணன் உன் பக்கத்தில் மிதந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான். என் லிப்ட் கதையைக் கேட்டுச் சிரிக்கிறான். அவன் இறங்கத் தயாரானதும் நீ "மா, இருங்க" என்று போனை வைத்துவிட்டு முகத்தைத் தண்ணீரில் வைக்கிறாய். பாலா பார்த்த வாயசைவு மிதவை ஓடுவதற்கு முன்பு என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நடந்தது விதி, நீர், கொடி, யாராலும் தடுக்க முடியாதது. மற்றதில், அவன் அடியில் இருக்கிறான். நீ தலையைத் தூக்கி என்னிடம் "ம்" சொல்லிக்கொண்டே மிதவையைப் பார்க்கிறாய். நான் என் முழங்காலைப் பற்றிப் பேசுகிறேன். பகலில் ஒன்றை நம்புகிறேன். படுக்கப் போகும்போது மற்றது வந்து உட்கார்ந்துகொள்கிறது. எது நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீ. அதைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாய். என்னைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாய். காப்பாற்றப்படுவதற்கு நான் உன்னிடம் கேட்கவில்லை. என் பங்கு எவ்வளவோ அவ்வளவையும் நானே சுமக்க வேண்டும்; அதை உன் முதுகில் வைத்துவிட்டு நான் கோவிலுக்குப் போய்வருவது எனக்கு அழகில்லை.

உனக்கு இதற்குமேல் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி ஏதும் இல்லை. மறுபடி தண்ணீருக்குப் போவாயோ மாட்டாயோ, அது உன் விருப்பம். போனால் நான் எழுதிய விதிகளோடு போ. நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் அமைந்தால், உன்னிடம் அன்பு வைத்தவர்களுக்கு நீ உடனே கிடைக்காமல் போகும் நேரங்களும் இருக்கட்டும். அதைத் தாங்க அவர்களுக்குக் கற்றுக்கொடு. எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சாவு வீட்டில் உனக்கு நான் போட்ட விதியை இன்று நீக்குகிறேன். இனி நான் அழைத்தால் நீ எடுக்க வேண்டியதில்லை. நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பதை நிறுத்திவிட்டேன். அதை நீ கவனித்திருப்பாய்.

இந்தக் கேள்விக்குப் போனில் பதில் சொல்லாதே. என் குரல் மாறுவதைக் கேட்டதும், எனக்கு இதமாக எதையாவது சொல்லிவிடுவாய். நீ அப்படிப்பட்டவன், உன் அப்பாவும் அப்படித்தான். காகிதத்தில் எழுது. மேலே என்றால் மேலே என்று எழுது. அடியில் என்றால் அடியில் என்று எழுது. உனக்கே தெரியாது என்றால், தெரியாது என்று எழுது, அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அடியில் என்று வந்தால், பார்வதி கூட்டத்தில் நாலு பேர் முன்னால் அதைக் கேட்க விடமாட்டேன். முதல் ரயிலில் கிள்ளானுக்குப் போய், அவள் வீட்டில், அவள் எதிரில் உட்கார்ந்து நானே சொல்வேன்; இந்தக் கடிதம் மற்றவர்கள் கைக்குப் போவதும் அதற்குப் பிறகுதான். அதற்குப் பிறகு அவள் என்னை வெளியே போகச் சொன்னால் போய்விடுவேன். அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நீ அதற்குள் வர வேண்டாம்.

கூட்டம் அடுத்த மாதம். அதற்கு முன்னால் என் கைக்குக் கிடைக்கும்படி பதில் எழுதி அனுப்பு.

அம்மா